பிள்ளை சொன்னதைத்தான் செய்தது

சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்கவில்லை என்று வீட்டில் சத்தம் எழும்போது, முதலில் அதன் முகத்தைப் பாருங்கள். வேண்டுமென்றே செய்த பிள்ளையின் முகம் வேறு. எதற்குத் திட்டுகிறார்கள் என்றே புரியாமல் நிற்கும் முகம் வேறு. இரண்டாவது முகம் தெரிந்தால், கடைசியாக நீங்கள் சொன்ன வாக்கியத்தை வார்த்தை மாறாமல் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பல சமயம் பிள்ளை அந்த வாக்கியத்தை அப்படியே நிறைவேற்றியிருக்கும். நீங்கள் நினைத்ததுதான் வாக்கியத்துக்குள் வராமல் போயிருக்கும்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நிற்கும். மூன்று வயதில் இரண்டு வேலை சேர்த்துச் சொல்லலாம். நாலு, ஐந்து வயதில் மூன்று வரை போகலாம். பேச்சுக்குப் பின்னால் இருக்கும் கிண்டலைப் பிடிக்க ஆறேழு வயதாவது ஆக வேண்டும், பழமொழிக்கு அதற்கும் மேலே. அதுவரைக்கும் காதில் விழுந்த சொல்தான் பிள்ளைக்குச் சொல். இதை எதிர்த்துப் பேசுவதாகவோ மந்தமாகவோ எடுத்துக்கொள்வது பெரிய அநியாயம்.

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் அதிகம் வம்பை இழுக்கும் சொல் ‘பாத்துக்கோ’. “பாப்பாவப் பாத்துக்கோடா, தொ வந்துர்றேன்” என்று நாலு வயது அண்ணனிடம் சொல்லிவிட்டு அம்மா கொல்லைக்குப் போகிறார். அவன் பாப்பாவையே பார்த்துக்கொண்டு குந்தியிருப்பான். பாப்பா கட்டில் ஓரத்துக்கு உருளும், பார்ப்பான். விழும், அப்போதும் பார்ப்பான். “நீ பாத்துக்கினுதான இருந்த?” என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தால், ஆமாம், அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குக் கொடுத்த வேலை அதுதான். அந்த வயதுப் பிள்ளையிடம் கைக்குழந்தையின் பொறுப்பைக் கொடுக்கவே கூடாது, அது தனி விஷயம். நீங்கள் அதே அறையில் வேலையாக இருக்கும்போது உதவிக்கு வேண்டுமானால் வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். பாப்பாவைக் கட்டிலில் விடாமல் தரையில் பாயில் போடுங்கள். “பாப்பா பாய விட்டு வெளிய வந்தா ‘அம்மா’ன்னு கத்து” என்று சொல்லுங்கள். எது நடந்தால், என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்கிறது. பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் இதே கதைதான். பொங்கி வழிவதைக் கடைசிச் சொட்டு வரை பார்ப்பார்கள். அடுப்புப் பக்கம் நிற்கிற வேலையை இந்த வயதில் கொடுக்கவே வேண்டாம்.

‘கை கழுவிட்டு வா’ என்பது நமக்கு ஒரு வேலை, பிள்ளைக்கு ஏழெட்டு வேலை. குழாயைத் திறந்து விரல் நுனியை நனைத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்கும். கழுவச் சொன்னீர்கள், கழுவிவிட்டது. நனை, சோப்பு போடு, உள்ளங்கையைத் தேய், புறங்கை, விரல் இடுக்கு, நகம், அப்புறம் தண்ணீரில் அலசு, துண்டில் துடை என்று குழாயடியில் கூடவே நின்று சொல்ல வேண்டும். தேய்ப்பது மட்டும் இருபது விநாடியாவது இருக்கட்டும். ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணச் சொன்னால் எண்ணும் பழகும். கொஞ்ச நாள் இப்படிச் செய்த பிறகுதான் ‘கை கழுவிட்டு வா’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் அடங்கும்.

‘எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்து வை’ என்றால் பொம்மை, புத்தகம், பாதி கடித்த முறுக்கு எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். தரை காலியாகிவிட்டது, அதன் கணக்கில் ஒழுங்கு அதுதான். “வண்டியெல்லாம் இந்தக் கூடையில, புத்தகமெல்லாம் அந்தத் தட்டுல” என்றால் வேலை நடக்கும். ‘செருப்ப மாத்திப் போடு’ என்றால் அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வரும். இடது வலது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறேழு வயதில்தான் பிடிபடும். அதனால் ஒரு ஸ்டிக்கரை நடுவில் வெட்டி, இடது பாதியை இடது செருப்பிலும் வலது பாதியை வலது செருப்பிலும் குதிகால் படும் இடத்தில் ஒட்டுங்கள். படம் சேர்ந்தால் சரி. சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று சொல்லிப் பழக்குவதும் நல்லது, சாப்பிடுகிற கை எது என்று அதற்குத் தெரியும்.

“சாப்பாடு முடியாம எழுந்திருக்கக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனால், ஒண்ணுக்கு முட்டினாலும் சில பிள்ளைகள் எழுந்திருக்காது. பேருந்தில் ‘கம்முனு குந்து’ என்று சொன்ன பிள்ளையும் அப்படித்தான். ஈரமான பிறகு திட்டுவதில் பயனில்லை. எந்தக் கட்டளைக்கும் விதிவிலக்கு ஒன்று உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஒண்ணுக்கு, ரெண்டுக்கு வந்தால் எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் பேசலாம். பால்வாடிக்கோ பள்ளிக்கோ முதன்முதலாகப் போகிற பிள்ளைக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ‘மிஸ் சொல்றவரைக்கும் பேசாத’ என்று நாமே சொல்லி அனுப்பியிருப்போம்.

அடுத்தது ‘ஆதே’ போட்டுப் பேசுவது. ஓடாதே, தொடாதே, ஏறாதே என்பதில் செய்யக்கூடாத வேலை முதலில் வந்துவிடும், மறுப்பு கடைசியில்தான் வரும். தூரத்திலிருந்து கத்தும்போது பிள்ளை காதில் விழுவது ‘ஓடா…’ வரைக்கும்தான். முழுசாக விழுந்தாலும் என்ன செய்யக்கூடாது என்று மட்டும்தான் தெரிகிறது, அதற்குப் பதில் என்ன செய்வது என்று தெரியவில்லை. “ரோட்டுல ஓடாத” என்று சொன்ன பிள்ளை நடுரோட்டில் நிதானமாக நடந்து போகும். சொன்னதைக் கேட்டிருக்கிறது. “ஓரத்துல என் கையப் புடிச்சிக்கினு வா” என்று சொல்லுங்கள். ‘தொடாதே’ என்பதற்குப் பதில் ‘கையப் பின்னால கட்டிக்கோ, கண்ணால பாரு’. ‘கத்தாதே’ என்பதற்குப் பதில் நீங்களே குரலைத் தாழ்த்தி ‘இப்படிப் பேசு’.

அவசரத்துக்கு என்று ஒரே ஒரு சொல்லை ஒதுக்கி வையுங்கள்: ‘நில்லு’. கோட்டை மைதானத்தில் ஒரு சாயங்காலம் பிள்ளையை ஓடவிட்டு ‘நில்லு’ என்றதும் சிலையாக நிற்கிற விளையாட்டைப் பத்து முறை ஆடுங்கள். வேறொரு நாள் காய்கறிக்கடை சத்தத்தில், பிறகு வாசலில். பழகிய பிறகு அந்தச் சொல்லைச் சோற்றுக்கும் குளியலுக்கும் செலவழிக்காதீர்கள். காட்பாடி நடைமேடையில் தேவைப்படுகிற நாளில் அது வேலை செய்ய வேண்டும்.

கேள்வி மாதிரி வரும் திட்டும் கேள்வி மாதிரி வரும் அழைப்பும் நம் ஊர்ப் பேச்சில் அதிகம். “எத்தினி வாட்டி சொல்றது?” என்று கேட்டால் “மூணு” என்று பதில் வரும். “இன்னா பண்ணிக்கினு கீற?” என்றால் “மாவு கொட்றேன்” என்று சொல்லும். வாயாடி என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் பலர், கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்னவர்கள்தான். “சாப்புடலாமா?” என்று கேட்டுவிட்டு “வேணாம்” என்ற பதிலுக்குக் கோபப்படுவதும் சரியில்லை. வேண்டாம் என்று சொல்ல இடமில்லாத விஷயத்தைக் கேள்வியாக வைக்காதீர்கள். “சாப்புட வா. இட்லி ஒண்ணா ரெண்டா?” என்றால் தேர்ந்தெடுக்கவும் ஒன்று கிடைக்கிறது, சாப்பாடும் நடக்கிறது.

இதைவிடக் கவனம் வேண்டியது “இன்னொரு தபா தொட்டுப் பாரு” என்கிற மிரட்டல். மூன்று வயதுப் பிள்ளை இன்னொரு தபா தொடும், நம் முகத்தையும் பார்க்கும். “கொட்டு, நல்லா கொட்டு” என்றால் நன்றாகக் கொட்டும். கோபத்தில் “எங்கன்னா போ, வூட்ட விட்டு வெளிய போ” என்று சொன்னால் செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனை வரை போய்விடுகிற பிள்ளை உண்டு. கிண்டலும் வெறுப்பும் குரலில் இருக்கிறதே என்று நாம் நினைக்கிறோம். பிள்ளைக்குக் குரலில் கோபம் தெரியும். ஆனால் சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் புரிந்துகொள்ளத் தெரியாது. கோபம் வந்தால் வாக்கியம் நேராக இருக்கட்டும்: “எனக்குக் கோவம் வருது. மாவுக் கிண்ணத்தக் கீழ வை.”

காலம் பெரிய சிக்கல். ‘ரெண்டு நிமிஷம்’, ‘தொ வந்துட்டேன்’, ‘அப்புறம்’, ‘நாளைக்கு’ எல்லாம் நமக்கே ரப்பர் சொற்கள். தூங்கி எழுந்தால் நாளைக்கு என்று சொல்லிக்கொடுத்துவிட்டால், மத்தியானத் தூக்கம் கலைந்ததும் “நாளைக்கு வந்துருச்சு, பலூன் குடு” என்று வந்து நிற்கும். நேற்று, நாளை என்பவை நாலைந்து வயது வரைக்கும் புரள்வது சாதாரணம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நேற்றுக்கும் நாளைக்கும் வீட்டில் ஒரே சொல்தான். பால்வாடியில் அவர்கள் தமிழில் மாற்றிச் சொன்னால் இன்னும் பொறுமை வேண்டும்.

மணியை விட்டுவிட்டு நடக்கிற காரியத்தை வைத்துச் சொல்லுங்கள். “நாலு மணிக்கு” என்பதைவிட “ஸ்கூல் வேன்ல அக்கா வந்து எறங்கினப்புறம்” என்பது தெளிவு. நாட்களுக்கு நம் வீட்டுச் சுவரிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது, தினசரி காலண்டர். திருவிழா நாள் தாளில் சிவப்புப் பேனாவால் பெரிய வட்டம் போட்டு, தினம் காலையில் பிள்ளை கையால் ஒரு தாளைக் கிழிக்க விடுங்கள். ஒரு விதி: நாலு வயதுப் பிள்ளைக்கு ஐந்து தாளுக்கு மேல் இருந்தால் சொல்லவே வேண்டாம். பதினைந்து நாள் முன்பே சொன்னால் பதினைந்து நாளும் “இன்னிக்கா?” என்று கேட்கும், அது அடம் இல்லை. ஐந்து தாள் மிச்சம் இருக்கும்போது “அஞ்சு தாள் கிழிச்சா ஆயா வூட்டுக்கு” என்றால் எண்ணிக்கொண்டே வரும்.

‘போய்ட்டு வரேன்’ என்பதில் போவதும் இருக்கிறது, வருவதும் இருக்கிறது. எத்தனை நேரம் கழித்து என்பது இல்லை. ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு ராத்திரி ஷிஃப்டுக்குப் போகும் அப்பா அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் வாசலில் உட்கார்ந்திருக்கும். “நீ தூங்கி எழுந்து, பல்லு வெளக்கி, டீ குடிக்கிறப்போ நான் வருவேன்” என்று சொன்னால் வாசலுக்குப் போகாது. வேலைக்குக் கிளம்பும் அம்மா, அழுகைக்குப் பயந்து “கடைக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போவதும் வேண்டாம். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தால், கடைக்குப் போனவர் ஒன்றும் வாங்காமல் வந்தார் என்று அழும். அதைவிட, அடுத்த முறை நிஜமாகவே கடைக்குக் கிளம்பினாலும் காலைக் கட்டிக்கொள்ளும். சமையலறையில் ‘ஒரு நிமிஷம்’ சொல்ல வேண்டி வந்தால் கைபேசியில் டைமர் வைத்துக் காட்டுங்கள். மணி அடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போங்கள். நாம் ஒரு வாரம் ஒழுங்காகப் போனால் பிள்ளையும் காத்திருக்கப் பழகும்.

நாம, நாங்க பற்றி ஒரு வார்த்தை. “நாங்க கோட்டைக்குப் போறோம்” என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடும். கூட்டிப் போகப் போவதில்லை என்றால் “நீ ஆயாகிட்ட இரு” என்பதையும் சேர்த்து உடனே சொல்லிவிடுங்கள்.

மிரட்டலுக்கு வருகிறேன். ‘சாமி கண்ணக் குத்தும்’, ‘பூச்சாண்டி புடிச்சிக்கும்’, ‘போலீஸ்காரர் இட்டுக்கினு பூடுவாரு’, ‘டாக்டர் ஊசி போட்டுருவாரு’. இவை எல்லாவற்றையும் பிள்ளை தகவலாகவே எடுத்துக்கொள்ளும். சாமி அறைக்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளை பக்தியில் நிற்கவில்லை. போலீஸ் மிரட்டலின் விலை இன்னும் பெரியது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை, உதவி செய்யக்கூடிய காக்கிச் சட்டைக்காரரைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும். மகா சிவராத்திரியை ஒட்டி பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

‘தெரியாதவங்ககிட்ட பேசக் கூடாது’ என்று சொல்லி வைத்திருந்தால் தொலைந்த பிள்ளை யாரிடமும் வாய் திறக்காது, கூட்டத்தில் எல்லாரும் தெரியாதவர்கள்தானே. அதனால் நேராகச் சொல்லுங்கள்: “அம்மாவக் காணோம்னா நடக்காத, அங்கயே நில்லு. சத்தமா என் பேரச் சொல்லிக் கூப்புடு. காக்கி ட்ரெஸ் போட்டவங்ககிட்டயோ, கொழந்தையத் தூக்கிக்கினு இருக்கிற அம்மாகிட்டயோ ‘நான் தொலஞ்சிட்டேன்’னு சொல்லு.” இதில் ‘என் பேர்’ முக்கியம். உங்க அம்மா பேர் என்ன என்று கேட்டால் ‘அம்மா’ என்று சொல்கிற வயது இது. அப்பா, அம்மா பெயர், தெரு, ஊர், கைபேசி எண் எல்லாவற்றையும் பாட்டு மாதிரி பழக்குங்கள். பத்து இலக்கத்தை மூன்று, மூன்று, நான்கு என்று உடைத்தால் ஐந்து வயதில் பல பிள்ளைகள் சொல்லிவிடும். அதுவரைக்கும் சட்டைப் பையில் எண் எழுதிய சீட்டு. குழந்தைகள் உதவி எண் 1098 என்பது பெரியவர்களுக்கும் நினைவிருக்கட்டும்.

குடியாத்தம் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாளில் வரும். “அம்மன் தலைய எடுத்துக்கினு வர்றாங்க, வா பாக்கலாம்” என்று மூன்று வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டால் அது என்ன காட்சியை மனசில் வரையும்? மேளச்சத்தமும் தேங்காய் உடைபடும் சத்தமும் சேர்ந்தால் ராத்திரி அலறி எழும். முந்தின நாளே உட்கார வைத்துச் சொல்லுங்கள்: அம்மன் முகத்தைப் பெருசாகச் செய்து பூ வைத்து அலங்கரித்துத் தூக்கி வருவார்கள், ரொம்பக் கூட்டம் இருக்கும், சத்தம் இருக்கும், தேங்காய் உடைப்பார்கள், நீ தோள்மேல் இருப்பாய், பயமாக இருந்தால் என் காதில் சொல், வந்துவிடலாம். கதையை இன்னும் பெரிதானதும் சொல்லிக்கொள்ளலாம்.

சின்னம்மை போட்டு உடம்புக்கு முடியாதபோது ‘அம்மா வந்துக்கீறா’ என்று சொல்வதும் இதில் சேரும். வேப்பிலை கட்டுவதும் சாமி கும்பிடுவதும் வீட்டு வழக்கம், அது இருக்கட்டும். ஆனால் கண்ணைக் குத்தும் சாமி பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்தச் சாமி உடம்புக்குள்ளேயே வந்துவிட்டது என்று சொன்னால் அது தண்டனை என்றே நினைக்கும். “இது ஒரு கிருமியால வர்ற கொப்புளம். அரிக்கும். ஒரு வாரம், பத்து நாள்ல காஞ்சு உதிர்ந்துடும். நீ ஒரு தப்பும் பண்ணல” என்ற நாலு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

வேலூர் ஆஸ்பத்திரி ஊர். அங்கே வந்து காத்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்லப்படும் வாக்கியங்களில்தான் அதிகம் கவனம் வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்னால் ‘ஒண்ணும் சாப்புடக் கூடாது’ என்று சொன்னால், தண்ணீரும் பாலும் குடிக்கிற விஷயம், சாப்பிடுகிற விஷயம் இல்லை. மிட்டாய் சப்புகிற விஷயம். பிள்ளை குடித்துவிடும், சப்பிவிடும். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து, அதனால்தான் அந்தக் கட்டுப்பாடு. எத்தனை மணிக்கு எதை நிறுத்துவது என்று மயக்கவியல் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. அந்த நேரத்துக்குப் பிறகு பிள்ளைக்கு வாக்கியம் இப்படி: “வாய்க்குள்ள எதுவும் போகக் கூடாது. தண்ணி, பால், பிஸ்கட், மிட்டாய் எதுவும்.” கூட வந்த ஆயா, மாமா, பக்கத்துக் கட்டில்காரர் எல்லாருக்கும் இதே வாக்கியம். பையில் தின்பண்டம் இல்லாமல் பார்த்துக்கொள்வது அதைவிட உறுதி.

‘தூங்க வெச்சிருவாங்க’ என்பதும் போதாது. நடுவில் முழிப்பு வந்துவிடுமோ என்றும், இனி எழவே மாட்டோமோ என்றும் பயப்படும். “மருந்தால வர்ற தூக்கம். முடியிற வரைக்கும் முழிப்பு வராது, வலிக்காது. முடிஞ்சதும் டாக்டருங்களே எழுப்புவாங்க.” நீங்கள் அங்கே இருக்க அனுமதி உண்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் “எழுந்ததும் நான் இருப்பேன்” என்று சொல்ல வேண்டும்.

‘ரத்தம் எடுப்பாங்க’ என்றால் எவ்வளவு? முழுவதுமா? அதைத்தான் அது கேட்க நினைக்கிறது. வழக்கமான பரிசோதனைக்கு ஒரு சின்ன ஸ்பூன் அளவு, ஐந்து மில்லி, பல சமயம் அதற்கும் குறைவு. ஸ்பூனைக் காட்டியே சொல்லலாம். குத்தின இடத்தில் ஒட்டும் பஞ்சு பிள்ளைக்குப் பெரிய ஆறுதல், மிச்ச ரத்தம் ஒழுகிவிடாது என்று அதற்குத் தெரிகிறது. அதை உடனே பிய்க்க வேண்டாம். ‘வலிக்கவே வலிக்காது’ என்பது ஒரே ஒரு ஊசிக்குத்தான் செல்லும், இரண்டாவது ஊசிக்கு நம் பேச்சை நம்பாது. “நறுக்குன்னு இருக்கும். பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும்” என்று சொல்லிப் பத்து எண்ணுங்கள்.

மருந்தை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்கவே கூடாது. இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. பாராசிட்டமால் சிரப் ஏற்கெனவே இனிப்பு. அதற்கு மிட்டாய் என்று பெயரும் வைத்துவிட்டால் தனியாக இருக்கும்போது பாட்டிலைக் காலி செய்யும். அளவு மீறினால் கல்லீரல் கெடும், முதலில் அறிகுறியே தெரியாமலும் இருக்கும். தாத்தாவின் சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான், ‘சர்க்கரை’ என்ற பெயரே அதைத் தின்பண்டம் ஆக்கிவிடும். “இது மருந்து. அம்மா, அப்பா கையால குடுத்தா மட்டும்தான்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் கொடுத்து, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாவைப் பற்றிச் சொல்லும்போதுதான் நாம் அதிகம் சுற்றி வளைக்கிறோம், பிள்ளை அதிகம் திண்டாடுகிறது. ‘தாத்தா தூங்கறாரு’ என்றால் அன்று ராத்திரி முதல் தூங்கப் பயப்படும், அப்பா தூங்கினால் உலுக்கி எழுப்பும். ‘ஊருக்குப் பூட்டாரு’ என்றால் எப்போது வருவார் என்று கேட்கும், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாரே என்று கோபித்துக்கொள்ளும். ‘சாமிகிட்ட போயிட்டாரு’ என்றால் கோயிலில் தேடும். ‘ஆஸ்பத்திரிக்குப் போனாரு, செத்துட்டாரு’ என்று மட்டும் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகிற எல்லாரும் செத்துவிடுவார்கள் என்று கணக்குப் போடும். ‘வயசாயிடுச்சு, அதான்’ என்றால், அதன் கண்ணுக்கு முப்பது வயது அம்மாவுக்கும் வயசாகித்தான் இருக்கிறது.

செத்துட்டார் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், மெதுவாக, மடியில் வைத்துக்கொண்டு. “தாத்தா செத்துட்டாரு. அவரு ஒடம்பு வேல செய்யறது நின்னுடுச்சு. மூச்சு விட மாட்டாரு, பசிக்காது, வலிக்காது, குளிராது. திரும்ப எழுந்து வர மாட்டாரு. அவருக்கு ரொம்ப ரொம்ப பெரிய நோவு. சளி, காய்ச்சல் வந்தா ஒடம்பு சரியாயிடும், இது அப்படி இல்ல.” எரிப்பதையோ புதைப்பதையோ பற்றிக் கேட்டால், வலிக்காது என்பதைத்தான் முதலில் மறுபடி சொல்ல வேண்டும். பறைச் சத்தம், பூப்போட்ட பாடை, ஒப்பாரி எல்லாவற்றையும் முன்பே சொல்லி, கூடவே இருக்க ஒரு பெரியவரை நியமித்துவிடுங்கள். அடுத்த வாரமே “தாத்தா எப்ப வருவாரு?” என்று கேட்கும். மறந்துவிட்டது என்றோ கல்நெஞ்சு என்றோ நினைக்காதீர்கள். ‘திரும்ப வராது’ என்பது ஒரே தடவையில் நிற்கிற விஷயம் இல்லை, அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள். தாத்தா சாமி ஆகிவிட்டார் என்கிற நம்பிக்கை வீட்டில் இருந்தால் அதையும் சொல்லலாம், இந்த வாக்கியங்களுக்குப் பிறகு.

‘அம்மா வயித்துல பாப்பா இருக்கு’ என்றால், வயிற்றுக்குள் போவதற்கு அதற்குத் தெரிந்த வழி வாய் ஒன்றுதான். அம்மா பாப்பாவைத் தின்றுவிட்டதாக நினைத்துப் பக்கத்தில் வராத பிள்ளையும் உண்டு. சோறு போகிற இடம் வேறு, பாப்பா வளரத் தனிப் பை இருக்கிறது என்று இரண்டு வாக்கியம் போதும். சீத்தாப்பழக் கொட்டையை முழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்ற விளையாட்டுப் பேச்சையும் அந்த மாதங்களில் நிறுத்தி வையுங்கள்.

விசாரணையிலும் ஒன்று கவனிக்க வேண்டும். 1974இல் சூசன் ரோஸ், மேரியன் பிளாங்க் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வரிசையில் பொருள்களைச் சம எண்ணிக்கையில் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு இருக்கிறதா என்று கேட்பது பழைய முறை. அப்புறம் எண்ணிக்கை மாறாமல் ஒரு வரிசையை மட்டும் மாற்றி வைத்து அதே கேள்வியை மறுபடி கேட்பார்கள். முதல் கேள்வியை விட்டுவிட்டு, மாற்றின பிறகு ஒரே ஒரு முறை கேட்டபோது பிள்ளைகள் கூடுதலாகச் சரியான பதில் சொன்னார்கள். பெரியவர் மறுபடி கேட்டால் முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று பிள்ளை பதிலை மாற்றிவிடுகிறது. ‘நெஜமாவா? நெஜமா சொல்லு, நீதான ஒடச்ச?’ என்று நாலு முறை கேட்டு வாங்கும் ‘ஆமா’வை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முறை கேளுங்கள், பதில் வரும் வரை பத்து விநாடி பொறுங்கள். “யாரு ஒடச்சது?” என்பதைவிட “டம்ளர் எப்படிக் கீழ விழுந்துச்சு?” என்று கேட்டால் நடந்தது நடந்தபடி வரும்.

ஊர்ப் பெயரிலும் ஏமாற்றம் இருக்கிறது, ஆனால் அது இனிமையான ஏமாற்றம். பாலாறு என்றால் பால் ஓடும் என்று டம்ளரோடு கிளம்பும் பிள்ளைக்கு மணல்தான் தெரியும். கோட்டைக்குப் போனால் ராஜா எங்கே என்று தேடும். முன்பு ராஜா இருந்தார், இப்போது அருங்காட்சியகமும் கோயிலும் இருக்கிறது, சுற்றி அகழியில் தண்ணீர் இருக்கிறது என்று வழியிலேயே சொல்லிவிட்டால் அகழியைப் பார்த்ததும் துள்ளும். இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டுச் சிரித்து, வந்தவர் போனவரிடம் எல்லாம் சொல்லிக்காட்டாதீர்கள். அப்புறம் கேட்காமல் போய்விடும்.

வீட்டில் நாலு பெரியவர்கள் நாலு விதமாகச் சொன்னாலும் குழம்பும். ஆயா ‘குந்து’ என்பார், மிஸ் ‘உட்காரு’ என்பார், அத்தை ‘சிட் டவுன்’ என்பார். மூன்றும் ஒன்றுதான் என்று கையைப் பிடித்து உட்கார வைத்துக் காட்டினால் சில நாளில் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆபத்துக்கான சொற்கள் மட்டும் எல்லார் வாயிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ‘நில்லு’ என்று முடிவு செய்தால் ஆயாவும் ‘நில்லு’தான்.

எப்போது வெறும் வயசுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது? ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிக்கொண்டிருந்த சொற்களையே விட்டுவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம். பள்ளிக்குப் போய் ஏழெட்டு வயதாகியும் விளையாட்டுப் பேச்சு எதுவும் புரியாமல் கூட்டாளிகளோடு சேர முடியாமல் திணறினாலும் காட்ட வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளை என்றால் முதலில் காது. நடுச்செவியில் நீர் தேங்கினால் வலியே இல்லாமல் கேட்பது மங்கும். சொல்லின் முனை கேட்காமல் ‘ஓடாதே’வும் ‘ஓடு’வும் ஒன்றாகிவிடும். தேசிய சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கியது. அதன் நடமாடும் மருத்துவக் குழு பால்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறை வர வேண்டும். வரும் தேதியைப் பால்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

காட்டப் போகும்போது ‘சொன்ன பேச்சே கேக்கறதில்ல டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. அதற்கு முந்தின வாரம் ஒரு நோட்டில் இரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள். இடப்பக்கம் நீங்கள் சொன்ன வாக்கியம், அதே சொற்களில். வலப்பக்கம் பிள்ளை செய்தது என்ன. எந்த அறையில், எந்தப் பக்கம் நின்று, எவ்வளவு தூரத்திலிருந்து சொன்னீர்கள், டி.வி. ஓடிக்கொண்டிருந்ததா, பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததா என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். பத்து வரி போதும். முகம் பார்த்தபோது மட்டும் சரியாகச் செய்திருந்தால் காதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.